தனிப் பியானோவுக்குப் பத்துப்பாட்டு

திருவையாறு,
தை 24

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு யாவரும் நலம். அப்பாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று. சொட்டு மருந்தை மட்டும் நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. சம்பா அறுவடை முடிந்துவிட்டது. நீ மேடையில் சம்பா வாசிக்கப் போகிறாய் என்று சொன்னதும் எதிர்வீட்டுப் பெரியவர், "மாவுக்கு எத்தனை மூட்டை காணும்?" என்று கேட்டார். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பிரேசில் நாட்டுப் பாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று நாளாகப் பதிவுகளைக் கேட்டேன். பொங்கலுக்கு நீ தனியாக வந்து, மறுநாளே வேலை என்று கிளம்பிப் போனாய். அன்று இதைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கலாம். அது போகட்டும். முப்பது வருடம் வீணை சொல்லிக்கொடுத்தவளிடம் பியானோக் கச்சேரிக்குப் பாட்டுத் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லிக் கேட்டாயே, அதில் எனக்குப் பெருமைதான். சனிக்கிழமைதோறும் உன்னைத் தஞ்சாவூருக்குப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போய் வகுப்பின் மூலையில் உட்கார்ந்திருந்ததற்கு இந்த அளவாவது பலன் இருக்கிறது.

முதலில் இடது கையைப் பற்றிச் சொல்கிறேன். கிதார் கலைஞர் ஜோவாவ் ஜில்பர்ட்டோ 1958-இல் பதிவு செய்ததை நீ அனுப்பியிருந்தாய் அல்லவா, அதில் அவருடைய கட்டைவிரல் கீழ்த்தந்தியில் நேராக அடியெடுத்து நடக்கிறது. மற்ற விரல்கள் தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக விழுகின்றன. வீணையில் சுண்டுவிரல் தாளத்தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் பாட்டைப் பார்த்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு அது. கிதாரில் ஒரு கை செய்யும் இந்த இரண்டு வேலையையும் பியானோவில் உன் இடது கை ஒன்றே செய்ய வேண்டும், அதுவும் வலது கை மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது. ஆகவே நீ அனுப்பியவற்றில் இடது கைக்கு அதிகச் சுரங்களை அடைத்து எழுதிய வடிவங்களை ஒதுக்கிவிடு. அவை கேட்பதற்குக் கல்யாண பாண்டு போல இருக்கின்றன. பெடலையும் குறை. பெடல் அழுந்தியே இருந்தால் அந்த முன்பின் எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, தாளம் கஞ்சியாகிவிடுகிறது.

இனிப் பாட்டுகள். பத்தில் ஏழு துயரப் பாட்டு. 'ட்ரிஸ்டே' என்ற பெயரே துயரம் என்று பொருள்படுவதாக நீதான் குறித்திருக்கிறாய். தனிமையில் வாழ்வது துயரம் என்றே அது தொடங்குகிறதாம். 'இன்சென்சாத்தேஸ்' தன் மதிகேட்டால் அன்புக்குரியவரை அழவைத்ததைச் சொல்லி வருந்தும் பாட்டு. யாருடைய மதிகேடு என்று நான் கேட்கவில்லை. பாட்டு நல்ல பாட்டு. நீ பன்னிரண்டு வயதில் பரீட்சைக்கு வாசித்த ஷோப்பானின் 'இ மைனர் பிரிலூடு' என்ற சிறு பியானோ உருப்படியின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது: மேலே மெட்டு அசைவேனா என்கிறது, கீழே சுரக்கூட்டங்கள் அரை அரையாகப் படியிறங்குகின்றன. முதலில் பிரிலூடை வாசித்து, கைதட்ட இடம் விடாமல் இதற்குள் நுழைந்துவிடு. ஆனால் துயரத்துக்கு இந்த ஒன்று போதும்.

'ஒற்றைச் சுரச் சம்பா' கட்டாயம் வேண்டும். நம் இசையில் தம்பூரா கீழே அசையாமல் நிற்க, ராகம் மேலே உலாவும். பாட்டை எழுதிய ஜோபிமும் மெந்தோன்சாவும் இதைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள்; மெட்டு ஒரே சுரத்தில் நிற்கிறது, தரை நகர்கிறது. முதல் நாள் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது, இரண்டாம் நாள் சிரிப்பு வந்தது. 'இபனேமா' எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, துக்கடாவாகக் கடைசியில் வைத்துக்கொள். அதில் நடுப்பகுதி அரைச்சுரம் மேலே தாவுமிடத்தை மட்டும் அவசரமில்லாமல் வாசி.

'மார்ச் மாதத்து மழை'யைத் தனி வாசிப்புக்கு எடுத்திருக்கிறாய். 1974-இல் பாடகி எலிஸ் ரெஜினாவும் ஜோபிமும் சேர்ந்து பாடிய பதிவைத்தான் நீ இங்கே போட்டுக்காட்டினாய். ஒருவர் விட்ட சொல்லை இன்னொருவர் எடுத்து, கடைசியில் இருவரும் சிரித்துவிடுகிற பாட்டு அது. இருவர் பாடியதை நீ ஒருவனாக எப்படி வாசிப்பாய்? வாசிக்கவே முடியாது என்று சொல்லவில்லை; வலது கையிலேயே இரண்டு குரல் கேட்கும்படி எழுதிய வடிவம் கிடைத்தால் வாசி. கிடைக்கும்வரை தனியாக வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இடது கையை மெதுவாக வை. இதை முன்பே எழுதிவிட்டேன் போலிருக்கிறது.

அதற்குப் பதிலாக 'ஷேகா ஜி சவுதாஜி'யைச் சேர்த்துக்கொள். ஏக்கம் போதும் என்று அர்த்தம். முன்பாதி சோகச் சாயலுள்ள மைனரிலும் பின்பாதி தெளிந்த மேஜரிலும் போகிறது.

நீ விட்டுவிட்ட பாட்டு ஒன்று உண்டு. போன வருடப் பட்டியலில் 'டெசாஃபினாடோ' இருந்தது, இப்போது இல்லை. ஏன் எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முதல் நாள் அடுக்களையில் முறுக்குப் பிழிந்துகொண்டே உன் மனைவி முணுமுணுத்தது அந்தப் பாட்டைத்தான். சுருதி தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதே சங்கீதத்துக்குச் செய்யும் உபகாரம் என்று, உன் அத்தைகள் இருவரையும் வைத்துக்கொண்டு நான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. முறுக்கு அச்சைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். முந்தாநாள் அந்தப் பாட்டை நானே தேடிக் கேட்டு, வீணையை எடுத்து மீட்டியும் பார்த்தேன். தொடக்க வரியிலேயே ஒரு சுரம், நம் காது எதிர்பார்க்கும் இடத்துக்கு அரைச்சுரம் விலகித்தான் விழுகிறது. எழுதியவர்கள் அதை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். சுருதி சேரவில்லை என்று பழிக்கப்பட்டவன், எனக்கும் நெஞ்சு இருக்கிறது என்று பதில் சொல்லும் பாட்டாம் அது. அவள் அந்தச் சுரத்தைச் சரியாகத்தான் பாடினாள். முப்பது வருடம் சுருதி சொல்லிக்கொடுத்த எனக்கு அது அன்று கேட்கவில்லை, அல்லது கேட்க விருப்பமில்லை.

நான் சொன்ன வார்த்தைக்கும் பிற்பாடு உங்கள் வீட்டில் நடப்பதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. நீ அலைபேசியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. முன்பெல்லாம் பருப்புப்பொடி அனுப்பிய ஜாடி காலியாகத் திரும்பியதே கிடையாது. எலுமிச்சை ஊறுகாயோ நாரத்தையோ ஏதாவது நிரம்பித்தான் வரும். ஐப்பசியில் அனுப்பிய ஜாடி இன்னும் வரவில்லை.

அந்தப் பாட்டைத் திரும்பச் சேர். எங்கே வைப்பது என்பதை அவளையே கேட்டு வை. அவளுடைய எண்ணுக்கு நான் இரண்டு முறை அழைத்துவிட்டு, மணி அடிப்பதற்கு முன்பே வைத்துவிட்டேன். இதை அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

கச்சேரிக்கு முந்தின இரவு உழவன் எக்ஸ்பிரஸில் நானும் அப்பாவும் ஏறுகிறோம். எழும்பூருக்கு நீ வரவேண்டாம், உனக்குத் தூக்கம் முக்கியம். வேளைக்குச் சாப்பிடு. பெடலைக் குறை.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: பருப்புப்பொடி புதிதாகத் திரித்திருக்கிறேன். இரண்டு ஜாடி எடுத்து வருகிறேன். ஒன்றில் மிளகாய் பாதிதான் போட்டிருக்கிறேன்.