பெயர் சிதையாமல் கோப்பு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவாரூர் அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பாட்டிக்காக ஓர் இணையதளத்தில் நான்கு படிவங்களை இறக்கினேன். நான்கின் பெயரும் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்றே வந்தது. எது எதுவென்று தெரியாமல் தவறான படிவத்தை அச்சடித்துவிட்டேன். பாவம், அவர் மறுபடியும் பஸ் ஏறி வந்தார்.

கோப்பின் உள்ளே தமிழ் சரியாகவே இருக்கிறது. பெயரில்தான் கோளாறு. 'விண்ணப்பம்' என்ற ஆறெழுத்துச் சொல் யூடிஎஃப்-8 முறையில், அதாவது எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறையில், 30 பைட். இடையில் எங்கோ ஒவ்வொரு பைட்டும் தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படிக்கப்பட்டால் இப்படித்தான் சிதறும். பிரவுசரை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் அதே கதைதான்.

சரிசெய்ய வேண்டியது கோப்பை அனுப்பும் தளத்தின் சர்வரில். கோப்போடு அனுப்பும் தலைப்புத் தகவலில், பெயரைச் சொல்லும் 'ஃபைல்நேம்' என்பதோடு நட்சத்திரக் குறியிட்ட 'ஃபைல்நேம்' ஒன்றையும் சேர்த்து, அது யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட வேண்டும். 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தரநிலை ஆவணம் இதைத்தான் சொல்கிறது. சில வரி வேலைதான். தமிழில் படிவம் வெளியிடும் எல்லாத் தளங்களும் இதைச் செய்ய வேண்டுகிறேன். அதுவரை நான் 'சேவ் ஆஸ்' கொடுத்து ஒவ்வொரு பெயரையும் கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

– ஜெராக்ஸ் கடைக்காரர், திருவாரூர் மாவட்டம்