கல் கொதிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், அது வெப்ப உமிழ் வினை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பர்மாவில் எங்கள் மோல்மேன் பக்கம் மழைக்காலம் முழுக்க மலைகளே கொதிக்க வேண்டும். இங்கிருந்து பா-ஆன் ஊர் வரை நிற்பவை சுண்ணாம்புக்கல் குன்றுகள்தாம்!

கொதிப்பது சுட்ட சுண்ணாம்பு. விஷயமே அந்தச் 'சுட்ட'வில்தான் இருக்கிறது. சூளையில் 900 டிகிரி அளவில் கல்லை விட்டுக் கரியமில வாயு வெளியேறும். 100 கிராம் கல் அப்படிப் பிரிவதற்கே சுமார் 178 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது (கல்லைச் சூடேற்றும் செலவு தனி). இது வெப்பக் கொள் வினை. மிஞ்சுகிற 56 கிராம் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் சுமார் 65 கிலோஜூல் திரும்பி வருகிறது. மீதி 113? சுவரில் அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகும்போது வெளிவருகிறது. நாள்கணக்கில் கசிவதால் கைக்குச் சூடு தெரியாது. செட்டியார் பேரேடு மாதிரி, காலணா பிசகாது. எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பக் கணக்கு ஒன்றே என்று 1840இல் வேதியியல் அறிஞர் ஹெஸ் சொன்னது இதைத்தான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அப்பா தாழியில் தண்ணீர் நிரப்பி, சுட்ட கல்லை ஒவ்வொன்றாகப் போடுவார். முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் உஸ்ஸென்று இரைந்து, கல் வெடித்து மாவாகச் சரியும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். தம்பி ஒருமுறை அதில் முட்டையைப் போட்டான். முட்டை வெந்தது, முதுகில் அடியும் விழுந்தது.

கூன்யா (பர்மிய வெற்றிலைப் பாக்கு) கடையில் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு ஏன் சுடுவதில்லை என்று பேத்தி கேட்டாள். அது முன்பே தண்ணீர் குடித்து ஆறிப்போனது. வாய் வெந்துபோவது சூட்டால் அல்ல, காரத்தால். மிளகாய்க் காரம் இல்லை, வேதியியல் காரம்.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இன்னொன்றும் சேருங்கள். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் கல்லைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், அதுவும் பெரியவர்கள்தான். படித்ததும் செய்து பார்க்கிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. கண்ணில் தெறித்தால் கசக்காமல், நிறையத் தண்ணீர் விட்டு வெகுநேரம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தங்கள் வாசகன்,
மோல்மேன்