ஞாயிறு தோடர் பூவேலை டூடுல் வரையலாம்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, 14ஆம் தேதி, காலை 10 முதல் 12 மணி வரை நம் குடியிருப்பின் தரைத்தள ஹாலில் டூடுல் வரையக் கூடுகிறோம். இம்முறை நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்கள் துணியில் தைக்கும் பூவேலையைப் பார்த்து வரைகிறோம்.

வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். துணியில் மாதிரி எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. எண்ணித் தைப்பது என்பதால் கட்டத்தாளில் அழகாக உட்காரும். ஒரு கட்டத்தை ஓர் இழையாக நினைத்துக்கொண்டால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது எருமைக் கொம்பு வடிவம். அதிலிருந்தே தொடங்கலாம்.

1. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், அழிப்பான் கொண்டு வாருங்கள்.
2. சிவப்பு, கறுப்பு ஸ்கெட்ச் பேனா மட்டும் போதும். வேறு நிறம் வேண்டாம். அந்த இரண்டு நிறத்தில்தான் அதன் கம்பீரமே இருக்கிறது.
3. 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் வரவும்.
4. வீட்டில் தோடர் சால்வை இருந்தால் கொண்டு வாருங்கள். தையலை நேரில் பார்த்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.
5. வரைந்ததைப் படமெடுத்துப் பகிரும்போது ‘தோடர் பூவேலையைப் பார்த்து வரைந்தது’ என்று கட்டாயம் எழுதுங்கள்.

கட்டணம் கிடையாது. வருபவர்கள் வீட்டு எண்ணையும் எத்தனை பேர் என்பதையும் வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள். அப்புறம், பாய் விரிக்க 9.30க்கு இரண்டு பேர் வந்தால் உதவியாக இருக்கும்.