கிணத்தடிக் காணியும் கப்பன்பேர்க் பிரபுவும்

லூனன், ஜேர்மனி
தை மாசம்

அன்புள்ள அக்கா,

அப்பா கிணத்தடிக் காணியைக் கோயிலுக்கு எழுதப்போறார் எண்டு நீங்கள் போட்ட கடிதம் கிடைச்சது. போனில சொன்னால் அப்பா பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டிருப்பார் எண்டுதானே கடிதமாய் எழுதியிருக்கிறியள். வேலைக்குப் போற பஸ்ஸிலயும் வைச்சு வாசிச்சன். பொங்கலுக்கு நான் எடுக்கேல்லை எண்டு அம்மா கவலைப்பட்டவவாம். அண்டைக்கு இரவு வேலை, வேற ஒண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ.

இங்க சரியான குளிர். பனி கொட்டினாலாவது பார்க்க வடிவாய் இருக்கும். இது மழையும் இல்லாத பனியும் இல்லாத ஈரக் குளிர், எலும்புக்குள்ள போய் இருக்குது. ஹீற்றரைக் கனக்க வைக்கிறேல்லை, கூட வைச்சால் எனக்குத் தலையிடிக்கும். காரையும் குடுத்திட்டன். பஸ் வாசலில நிக்கேக்க காருக்கு ஏன் வீண் செலவு? வேலையில இப்ப மணித்தியாலத்தைக் குறைச்சிருக்கினம், நல்லாய் நித்திரை கொள்ளக் கிடைக்குது. அப்பா கேட்ட ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் 2002இல கட்டினது, கோபுரம் 17 மீற்றர். தேருக்குப் போகேக்க அவரின்ர பேருக்கு அர்ச்சனை செய்விக்கிறன்.

கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றி அத்தானுக்கு முந்தியே சொல்லியிருக்கிறன். நிலக்கரிச் சுரங்கத்தில வேலை செய்து பென்சன் எடுத்த மனுசன். நான் கறி தாளிச்சால் மணம் பிடிச்சுக்கொண்டு மேல ஏறி வருவார். போன கிழமை ஒரு சட்டி நிறைய 'குறூன்கோல்' கொண்டுவந்து தந்தார். கரும்பச்சை இலை, சுருண்டு சுருண்டு இருக்கும். அதைக் கொழுப்பும் சொசேஜும் போட்டு மணிக்கணக்காய் அவிப்பினம். சொசேஜை ஒதுக்கிப்போட்டு, மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டித் தேசிக்காய்ப் புளியும் விட்டன். சோத்தோட நல்லாய்த்தான் போச்சுது. அப்பாவிட்ட மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.

கிழவருக்கு ஒரு விசர். 900 வருசத்துக்கு முந்திச் செத்துப்போன ஒரு பிரபுவைப் பற்றி, சொந்த ஒண்டுவிட்ட தமையனைப் போலக் கதைப்பார். ஜனவரி 13 அந்தப் பிரபுவின்ர நினைவு நாளாம், வா எண்டு என்னையும் பஸ்ஸில ஏத்திக் கப்பன்பேர்க்குக் கூட்டிக்கொண்டு போனார். லூனனுக்கு வடக்கால ஒரு மேட்டில கிடக்கிற ஊர்.

கொட்பிறீட் எண்டு பேர். கோட்டை, சுத்திவரக் காணி, கும்பிடு போட ஆக்கள், எல்லாம் இருந்த இளம் பெடியன். 1121இல முன்ஸ்டர் நகரத்தை அடிக்கப் போன படையில இவரும் தம்பி ஒட்டோவும் நிண்டிருக்கினம். அந்தச் சண்டையில பெரிய தேவாலயமே எரிஞ்சு போச்சு. அந்தப் பாவம் அவரை அரிச்சுக்கொண்டே இருந்திருக்கும் எண்டு கிழவர் சொல்லுறார். அந்த நேரம் பார்த்து நோர்பேட் எண்ட துறவியைச் சந்திச்சிருக்கிறார். 1122இல கோட்டையையும் காணியையும் அவரிட்டக் குடுத்து மடமாக்கிப்போட்டார். நோர்பேட்டின்ர சபைக்கு ஜேர்மனியில அதுதான் முதல் மடம். பிறகு தானும் துறவியாகி, நோயாளியளுக்குப் பணிவிடை செய்து, 1127இல இல்பென்ஸ்டாட் எண்ட ஊரில செத்துப்போனார். அப்ப வயசு முப்பதளவில. தம்பி ஒட்டோ 1171 மட்டும் இருந்தவர். பார்பரோசா எண்ட பேரரசனுக்கு ஞானத்தகப்பன் அவர்தானாம். 1803இல மடத்தைக் கலைச்சுப் போட்டினம், கோயில் இன்னும் நிக்குது.

கிழவர் மெல்லமாய்ச் சொல்லி விட்டிட்டுப் போறது ஒரு இடம் இருக்கு. கொட்பிறீட்டுக்கு யூட்டா எண்டு பெண்சாதி, ஆர்ன்ஸ்பேர்க் பிரபுவின்ர மகள். இளம்பிள்ளை. இவர் துறவியாகிறதெண்டால் அவவும் கன்னியாஸ்திரி ஆகவேணும், ஆக்கியாச்சு. மாமனார் கொதிச்செழும்பிச் சண்டைக்கு வந்திட்டார். 1124இல அவர் செத்த பிறகுதான் தொல்லை ஓய்ஞ்சது. மாமனார் பொல்லாதவர் எண்டுதான் கிழவர் சொல்லுவார். நான் வாய் திறக்கேல்லை, ஆனால் எனக்கு மாமனாரில கோவம் வரேல்லை.

கோயிலுக்குள்ள தமையனையும் தம்பியையும் கல்லில வெட்டி வைச்சிருக்கினம். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னக் கோயிலைக் கையில பிடிச்சிருக்கினம், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டு நிக்க எனக்கு என்னவோ செய்யத் தொடங்கிற்றுது. வெங்காயத் தறைக்கு அப்பா இறைக்க, நான் மண்வெட்டியோட தண்ணி மாறுறது. வாய்க்கால் உடைஞ்சால் அப்பா கிணத்தடியில நிண்டு சத்தம் போடுவார், நீங்கள் ஓடிவந்து காலால மண்ணைத் தள்ளி அடைப்பியள். அந்தச் சேத்து மணம். அக்கா, இங்க மண்ணுக்கு மணம் இல்லை. வெளியில வந்து பஸ் வரும்வரைக்கும் கிழவரோட ஒண்டும் கதைக்கேல்லை. குளிரில கண்ணில தண்ணி வருது எண்டு அவர் நினைச்சிருப்பார்.

சரி, அதை விடுங்கோ. காணி விசயத்துக்கு வாறன்.

அப்பா கோயிலுக்குத் தர்மசாதனம் எழுதுறதை நான் மறிக்கேல்லை. ஆனால் கிணத்தடிக் காணி அம்மாவின்ர சீதனம். அப்பாவுக்கு வழிவழியாய் வந்த முதுசம் றோட்டுக்கரைத் துண்டு மட்டும்தான். அம்மா கையெழுத்து வைக்காமல் கிணத்தடியை அவர் தனிய எழுத ஏலாது. அம்மா வைப்பா, அவர் வை எண்டு சொன்னால் எதிலயும் வைப்பா. அதுதான் எனக்குப் பயம். அப்பா இல்லாத நேரம் பார்த்து, உண்மையில விருப்பமோ எண்டு அம்மாவிட்ட நீங்களே கேளுங்கோ. விருப்பம் எண்டாலும் அவவுக்குச் சீவிய உரித்து, அதுதான் உயிரோட இருக்குமட்டும் அனுபவிக்கிற உரிமை, வைச்சுத்தான் எழுதவேணும்.

அத்தானை அப்பாவோட சத்தம் போட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவர் சத்தம் போட்டால் அப்பா அடுத்த நாளே நொத்தாரிசிட்டப் போய் நிப்பார். அப்பாவை எனக்குத் தெரியும். நான் எங்கட பங்குக்கு ஆசைப்பட்டுக் கதைக்கிறன் எண்டும் அவர் நினைக்கக்கூடாது, எனக்கு அதில ஒரு பரப்பும் வேண்டாம். சின்னவளுக்கு வேணும்.

பழைய காணி உறுதி அம்மாவின்ர தகரப் பெட்டியில, கூறைச் சேலைக்குக் கீழ இருக்கு. எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கோ. சின்னம்மாவின்ர வேலிப்பக்க எல்லை அதில என்னெண்டு எழுதியிருக்கு எண்டு பார்க்கவேணும். சீட்டுக்காசு இந்த மாசம் கொஞ்சம் பிந்தும், மாசி மாசத்தோட சேர்த்து அனுப்பிறன். அம்மாவின்ர கண் துளிமருந்துக்கு மட்டும் கையில இருக்கிறதில எடுங்கோ, அதைப் பிந்த விடாதேங்கோ.

அன்புத் தம்பி