வாத்தியத் தபால்தலையில் ஊர்ப் பெயரும் வேண்டும்

இந்திய அஞ்சல் துறையின் தபால்தலைப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1998-ல் ருத்ர வீணை, புல்லாங்குழல், பக்வாஜ், சரோத் என நான்கு வாத்தியங்களுக்குத் தபால்தலை வெளியிட்டீர்கள். 2014-ல் ரவிசங்கர், டி.கே. பட்டம்மாள் உள்ளிட்ட இசைக் கலைஞர்களுக்கு வெளியிட்டீர்கள். வாத்தியம் வந்தாயிற்று, கலைஞர்களும் வந்தாயிற்று. செய்கிற ஊர்தான் பாக்கி. அடுத்த வரிசையில் வாத்தியத்தின் பெயரோடு ஊர்ப் பெயரையும் அச்சிடுங்கள்.

நரசிங்கம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே உள்ள சிற்றூர். நாதஸ்வரம் கடைய அங்கே ஆச்சா மரம்தான் வேண்டும், அதுவும் பல வருஷம் காய்ந்து முற்றிய மரம். பச்சை மரம் வெடித்துவிடும் என்பதால், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் கட்டைகளைத் தேடி வாங்குகிறார்கள். பக்கத்துத் திருவாவடுதுறையின் டி.என். ராஜரத்தினம் பிள்ளை கையில் புகழ்பெற்ற நீளமான பாரி நாயனம் இந்த ஊர் ஆசாரியின் பட்டறையில் பிறந்தது. 2022-ல், இந்த ஊருக்கே உரிய பொருள் என்று அங்கீகரிக்கும் புவிசார் குறியீடும் கிடைத்தது. படம் வரைகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை விட்டுவிட்டு வரையக் கூடாது. அது இல்லாவிட்டால் வெறும் குழாய்!

பலா மரத்தில் குடையும் தஞ்சாவூர் வீணைக்கு 2013-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. மானாமதுரைக் கடம், ஆந்திரத்தின் பொப்பிலி வீணை, மகாராஷ்டிரத்தின் மிரஜ் சிதார், பாலக்காட்டுப் பெருவெம்பின் தோல் வாத்தியங்கள் என்று வரிசைக்குப் பஞ்சமே இல்லை. ஐரோப்பிய அஞ்சல் துறைகள் 2014-ல் தேசிய இசைக்கருவிகள் என்ற பொதுத் தலைப்பில் தபால்தலைகள் வெளியிட்டன. நம் நாட்டில் தேசம் என்ற அளவோடு நின்றால் போதாது, ஊர் வரைக்கும் இறங்க வேண்டும்.

புவிசார் குறியீட்டுப் பொருள்களுக்குச் சிறப்பு உறை (படம் அச்சிட்ட நினைவு அஞ்சல் உறை) போட்டோமே என்பீர்கள். சரி, ஆனால் சிறப்பு உறை எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களின் ஆல்பத்துக்குள் போய் அடங்கிவிடும். நினைவுத் தபால்தலையும் ஏறக்குறைய அப்படித்தான், விற்றுத் தீர்ந்தால் மறுபடி அச்சிடுவதில்லை. அதனால் அன்றாடக் கடிதத்தில் ஒட்டுகிற, திரும்பத் திரும்ப அச்சாகிற பொதுப் பயன்பாட்டுத் தபால்தலையாகவே இந்த வரிசை வரட்டும்.

அப்புறம், வெளியீட்டு விழாவைத் தலைநகர அரங்கில் வைக்காமல் அந்தந்த ஊரிலேயே வையுங்கள். முதல் தாளை வாத்தியம் செய்கிறவர் வாங்கட்டும். அந்த ஊர் அஞ்சலகத்துக்கு தபால்தலை மேல் குத்துவதற்கு, வாத்தியப் படம் போட்ட நிரந்தரச் சித்திர முத்திரை ஒன்றையும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தபால்தலை சேகரிப்பாளர் ஒருவர்