உன் சிவப்பு கிதார் விழுந்துவிட்டது

பாலு,

இரண்டு வருடமாக உன் கடிதத்துக்குப் பதில் போடாதவன் திடீரென்று எழுதுகிறேன் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று உனக்கே தெரிந்திருக்கும். உன் கிதார் விழுந்துவிட்டதுடா. போன மாதம் மழைக்காற்றில் பால்கனிக் கதவு படாரென்று அடித்து, ஸ்டாண்டோடு சாய்ந்து மொசைக் தரையில் மோதியது. நெக் தப்பித்தது. ஆனால் பாடியின் கீழ் விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்து மரம் தெரிந்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா நலம். மாடி வீட்டுக்கு ஆள் வந்தாயிற்று. சேகர் அப்படியேதான் இருக்கிறான்.

"ரோரி கல்லாகர் கிதாரில் பெயின்டே இல்லை, போடா" என்பாய். அந்த அயர்லாந்துக் கிதார்காரருடையது ஃபெண்டர் கம்பெனியின் 1961 ஸ்ட்ராட் கிதார். நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு, வியர்வை பட்டுப் பட்டே போனது. உன்னுடையது மெக்சிகோவில் செய்தது, பாலியெஸ்டர். கண்ணாடி மாதிரி கடினம். ஒரு இடத்தில் உடைந்தால் அந்த ஓரம் மேலும் மேலும் பெயரும். அப்படியே விட மனம் வரவில்லை.

நம் தெரு ஆசாரி, அதே நைட்ரோ பூச்சான என்.சி. லேக்கரை அடித்துத் தருகிறேன் என்றார். முன்பக்கத் தகடான பிக்கார்டைக் கழற்றி, அடியில் மறைவான இடத்தில் தின்னர் தொட்ட பஞ்சால் தேய்த்துப் பார்த்தேன். துளியும் இளகவில்லை. நைட்ரோவாக இருந்தால் புது லேக்கர் பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். பாலியில் அது நடக்காது, ஓரம் கோடாகத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நிறத்துக்குப் புதுப்பேட்டை போனேன். உன் கிதாரின் ஃபியஸ்டா ரெட், 1956 ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் நிறம், தெரியுமா? ஃபெண்டர்காரர்கள் அப்போது டூபான்ட் கார் பெயின்ட்டைத்தான் கிதாருக்கு அடித்தார்கள். அதனால் கிதாரையே தூக்கிக்கொண்டு ஒரு கார் பெயின்ட் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் மூன்று முறை கலந்தார். டியூப்லைட்டில் பொருந்தியது வெயிலில் பொருந்தவில்லை. கடைசியில் வாசலில் உட்கார்ந்துதான் முடிவு செய்தோம்.

நிறத்தை மெல்லத் தொட்டுக் காயவிட்டு, மேலே ஃபெவிக்விக். பல்குத்தும் குச்சியால் ஒரு சொட்டு, மறுநாள் இன்னொன்று. அவசரப்பட்டுக் கனமாக ஊற்றினால் உள்ளே காயாது. எட்டாம் நாள் பள்ளம் நிறைந்து கொஞ்சம் மேடானது. பிளேடின் இரு முனையிலும் செலோடேப் சுற்றி, நடுவில் மட்டும் கூர் தெரியும்படி வைத்துச் சுரண்டினேன், சுற்றியுள்ள பெயின்ட்டைத் தொடக்கூடாதல்லவா? பிறகு 800, 1200, 2000 வாட்டர் பேப்பர், ரப்பரில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டு. ஸ்க்ரூ ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதிப் பூச்சைத் தூக்கிவிடும், அங்கெல்லாம் மெழுகு வைத்து அடைத்தேன். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட்.

இப்போது விரலால் தடவினால் இடம் தெரியாது. சாய்ந்த வெயிலில் பார்த்தால் மெல்லிய வளையம் தெரிகிறது. பிடிக்கவில்லை என்றால் சொல், சுரண்டிவிட்டு மறுபடி செய்கிறேன்.

நெக்கின் பின்னால், ஏழாவது ஃபிரெட் கம்பி பக்கம் இருக்கிற, கோயமுத்தூரில் பட்ட சொட்டையை நான் தொடவில்லை. உன் கட்டைவிரல் அங்கேதான் நிற்கும், அது உன் முடிவு.

அப்பா போனதிலிருந்து நீ வாசிக்கவே இல்லை என்று மாலா சொன்னாள். நான்கு வருடம் ஆகிறது பாலு. கிதாரைக் கூரியரில் அனுப்பச் சொல்லாதே, அனுப்பமாட்டேன். 10-46 தடிமனில் ஸ்ட்ரிங் செட் ஒன்று வாங்கி, பிரிக்காமல் கேஸுக்குள் வைத்திருக்கிறேன். நீ வந்து மாட்டு.

குமார்