அம்மாவுக்கு முதல் பக்கம் மட்டும்

சியாட்டில்

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. நான் நலம். அம்மா, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லாரும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. உடனே பதில் போடாதது என் தப்புதான்.

இங்கே வானம் அடைத்துக் கிடக்கிறது. நம்மூரில் போல மழை கொட்டித் தீர்ப்பதில்லை, நாள் பூராவும் நசநசவென்று தூறல். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதிலும் குடை பிடிக்க மாட்டார். கழுத்தில் இந்த ஊர்க் கால்பந்து கிளப்பான சவுண்டர்ஸின் பச்சை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு நனைந்தபடியே நடப்பார். இந்தியக் கடையில் சாளை கிடைக்கிறது, ஆனால் ஐஸ் பாளம். குழம்பில் போட்டால் சதை கரைந்துபோகிறது, அதனால் மசாலா புரட்டி வறுத்துவிடுகிறேன். மரச்சீனியும் உறையவைத்ததுதான். உப்புப் போட்டு வேகவைத்தால் குறை சொல்ல முடியாது. ஓவர்டைமைக் குறைத்துவிட்டார்கள், அதனால் தூங்க நேரம் கிடைக்கிறது. அண்ணன் நன்றாகத் தூங்குகிறான் என்று அம்மாவிடம் சொல்.

அம்மாவுக்கு இதுவரை வாசித்தால் போதும். இனி எழுதுவது உனக்கும் பையனுக்கும்.

பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டுக் கால்பந்து விளையாடப் போகிறேன், அமெரிக்க ஆட்டக்காரர் டெம்ப்சியும் மண் தரையில் விளையாடித்தான் வந்தார் என்று அவன் சொல்வதாக எழுதியிருந்தாய். பாதிதான் சரி. கிளின்ட் டெம்ப்சி 1983இல் டெக்சாஸ் மாநிலத்தில் நாகடோச்சஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாத்தா பாட்டி இடத்தில் நிறுத்திய டிரெய்லர் வீட்டில் வளர்ந்தார். மெக்சிகோக்காரப் பிள்ளைகளோடு மண்ணில் விளையாடித்தான் அந்தக் கால் பழக்கம் வந்தது. ஆனால் நல்ல அணியில் பயிற்சி பெற டல்லாஸ் போக வேண்டியிருந்தது, ஒரு வழிக்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். டென்னிஸ் ஆடிய அக்காவுக்கும் செலவு இருந்ததால் இடையில் அவர் பயிற்சியை விட்டுவிட்டார். 1995இல் அந்த அக்கா மூளை ரத்தக்குழாய் வெடித்து இறந்த பிறகுதான் திரும்பப் போனார். கோல் போட்டதும் அவர் வானத்தைப் பார்ப்பது அந்த அக்காவுக்காக.

அதற்குப் பிறகு அவர் நேராக கிளப்புக்குப் போய்விடவில்லை. ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு இருந்தார். ஒரு கல்லூரி ஆண்கள் கால்பந்து அணிக்கு அப்போது 9.9 பேருக்கான முழு உதவித்தொகைதான். அதை அணியிலுள்ள பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். 2004 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் கிளப்புகள் வரிசையாகப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தபோது நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன் இவரை எட்டாவதாக எடுத்தது. அன்று முதல் பெயர் யார் தெரியுமா? ஃப்ரெடி அடு, வயது 14. நாடே அந்தப் பிள்ளையைத்தான் பார்த்தது. பிறகு அவர் கிளப் மாற்றிக் கிளப் என்று பல நாடுகள் அலைந்தார், தேசிய அணிக்கு 17 ஆட்டம், 2 கோலோடு முடிந்தது. அது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை. உடம்பும் மனசும் முற்றுமுன் சுமை ஏற்றிவிட்டார்கள். எட்டாவதாக வந்த டெம்ப்சி அதே தேசிய அணிக்கு 141 ஆட்டத்தில் 57 கோல்.

இங்கிலாந்து போவதும் சுலபமில்லை. வேலை அனுமதி வேண்டுமென்றால், முந்தைய இரண்டு ஆண்டில் தன் நாட்டு அணியின் முக்கிய ஆட்டங்களில் 75 சதவீதம் ஆடியிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. தரவரிசையில் முதல் 70 நாடுகளுக்குள் அந்த நாடும் இருக்க வேண்டும். 2007 ஜனவரியில் லண்டனின் ஃபுல்ஹாம் கிளப்புக்குப் போனார். முதல் அரைப்பருவத்தில் ஒரே கோல். அதுவும் மாற்று ஆட்டக்காரராக இறங்கி லிவர்பூலுக்கு எதிராக. அந்த ஒன்றுதான் கிளப்பைக் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் காத்தது.

2010 மார்ச்சில் இத்தாலிய கிளப் யுவென்டஸுக்கு எதிராகப் போட்ட கோலைப் பையன் நிறுத்தி நிறுத்திப் பார்க்கட்டும். பெனால்டி பெட்டியின் ஓரம், கோலியோ கோல் வாயில். காலை வீசி அடிக்கவில்லை. விரல் பக்கத்தைப் பந்துக்கு அடியில் கொடுத்து அங்கேயே நிறுத்தினார். பந்து பின்சுழன்று எழும்பி கோலியைத் தாண்டித் தூரக் கம்பத்தின் மேல் மூலையில் இறங்கியது. காலைத் தொடர்ந்து வீசினால் பந்து கம்பத்துக்கு மேலே போய்விடும். உடம்பு முன்னே சாய்ந்தால் எழும்பவே எழும்பாது. கடற்கரை மணலில் பையன் இதைச் செய்வான், நான் பார்த்திருக்கிறேன். நம் குருசடிக்குப் பின்னால் அந்தி நேரத்தில், கரைவலையைக் காயப்போட்டிருந்த பக்கம். அந்த மணல் இந்நேரம் எப்படிச் சூடு தணிந்திருக்கும். இங்கே ஜன்னலைத் திறந்தால் ஈர வாசம் மட்டும்தான்.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். 2013இல் சியாட்டில் கிளப் இவரைப் பெருந்தொகை கொடுத்துக் கூட்டிவந்தது. 2016 ஆகஸ்டில் போர்ட்லண்டுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். அதோடு நிறுத்திவிட்டார்கள். இதயத் துடிப்பு சீராக இல்லை. டிசம்பரில் இதே கிளப் கோப்பை வென்றபோது அவர் ஆடவில்லை. மருத்துவர்கள் சரி சொன்ன பிறகே 2017இல் இறங்கினார். மார்ச்சில் தேசிய அணிக்காக ஹோண்டுராஸுக்கு எதிராக மூன்று கோல். 2018 ஆகஸ்டில்தான் ஓய்வு. பெரியவர் இதைச் சொல்லும்போது, அவரை உட்காரவைத்ததுதான் கிளப் செய்த நல்ல காரியம் என்பார். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

பையன் மைதானத்தில் மயங்கி விழுந்தான், வெயில் என்று நீ எழுதியிருந்தாய். தம்பி, சின்ன மாமா 31 வயதில் வலை இழுக்கும்போது விழுந்தாரே, அன்றைக்கும் வெயில் என்றுதான் சொன்னோம். அவனிடம் கேள்: விழுந்தது ஓடிக்கொண்டிருக்கும்போதா, நின்ற பிறகா? முன்னால் நெஞ்சு படபடத்ததா? ஓடும்போதே விழுந்தால் அதைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது. இதய டாக்டரிடம் கூட்டிப்போ. ஈ.சி.ஜி.யும், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும் எடுக்கச் சொல். ஈ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் எக்கோவை விடாதே, இதயத் தசை தடித்திருப்பது அதில்தான் சரியாகத் தெரியும். மாமா கதையை டாக்டரிடம் மறைக்காமல் சொல். ரிசல்ட் வரும்வரை ஆட்டம் கூடாது, மணலிலும் கூடாது.

செலவுக்குக் கூரை ஓட்டுக்கு எடுத்துவைத்ததை எடுத்துக்கொள். ஓடு பங்குனிக்குள் போட்டால் போதும், அதற்குள் நான் அனுப்பிவிடுவேன். அம்மாவின் கண்ணாடியைத் தள்ளிப்போடாதே. சித்தி மகள் கல்யாணத்துக்கு மொய் என் பெயரில் நீயே எழுது. படிப்பைப் பற்றி, ரிசல்ட் வந்த பிறகு நான் அவனோடு போனில் பேசுகிறேன்.

அவன் பூட்ஸை அலமாரியில் வைத்துப் பூட்டு. சாவியை அம்மாவிடம் கொடுக்காதே, பேரன் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

அன்புடன்,
அண்ணன்